புக்கிட் தெங்காவில் நிலம் நிறுவுதல்: ஒரு திணையியல் நோக்கு

கி.பி. 1025-இல் கடாரத்தின் (இன்றைய கெடாவின்) மேல் படையெடுக்க முதலாம் இராசேந்திரனுக்குக் கப்பல்கள் தேவைப்பட்டன. அதே கடாரத்தைப் பினாங்குப் பெருநிலத்துப் புக்கிட் தெங்காவின் ஒரு தாமான் வீட்டு அறையில் இறக்கி வைக்க இன்று வீட்டு வைஃபையும் வீட்டாரின் பொறுமையும் போதும். இரண்டாவது பண்டத்தின் வரத்து நாளுக்கு நாள் குறைந்து வருவதால் இப்பொருள் குறித்து முறையான ஆய்வு அவசரமாகிறது. வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டுவோர் 'சீனரி போடுறது' என்று சொல்லும், நிரலில் நிலம் நிறுவும் செயலே இங்கு ஆய்வுப் பொருள். விமானம் ஓட்டுவது நம் ஆய்வு எல்லைக்குள் வராது. அவர்கள் எல்லைக்குள்ளும் அது அதிகம் வருவதில்லை.

முதலில் பரப்பை வரையறுப்போம். எக்ஸ்-பிளேன் என்ற நிரல் உலகத்தை ஒரு பாகைக்கு ஒரு பாகை என்ற அளவில் கட்டங்களாக அறுத்து வைத்திருக்கிறது. வடக்கே 5 முதல் 6 வரை, கிழக்கே 100 முதல் 101 வரை உள்ள கட்டத்தின் பெயர் +05+100. பினாங்கு மாநிலம் முழுவதும், தீவும் பெருநிலமும் இரண்டு பாலங்களுமாக, இந்த ஒற்றைக் கட்டத்தில் அடங்கிவிடுகிறது. சுங்கை பட்டாணி, கூலிம், 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை, அதன் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கு எல்லாம் அதே கட்டம்தான். புக்கிட் தெங்காக்காரர் தம் தெருவை மட்டும் தனியாக நிறுவிக்கொள்ள வழியில்லை; கேட்டாலும் கேட்காவிட்டாலும் கடாரம் கூடவே வரும். சோழர்களுக்குக்கூட இப்படி இனாமாகக் கிடைத்ததில்லை.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பியம். சீனரி செய்வோர் அதைப் படித்திருக்கிறார்களோ இல்லையோ, அதன்படியேதான் நடக்கிறார்கள். மலை இத்தனை மீட்டர், பள்ளம் இத்தனை மீட்டர் என்று சொல்லும் உயர வலை, அதாவது 'மெஷ்', முதற்பொருள். அதன்மேல் முளைக்கும் மரம், வீடு, விளக்குக்கம்பம் ஆகியவை கருப்பொருள். உரிப்பொருள் எது என்பதில்தான் சிக்கல். பதிவிறக்கப் பட்டை பாதியில் நிற்கும்போது திரைமுன் அமர்ந்திருப்பவரின் நிலை முல்லைக்குரிய இருத்தல் என்று தோன்றும். 99 விழுக்காட்டில் நின்றுவிட்டால் அது நெய்தலுக்குரிய இரங்கல். இடையில் யாராவது வைஃபையைப் பிடுங்கிப் போட்டால் மருதம், ஏனெனில் ஊடல் தொடங்கிவிடுகிறது.

நிறுவும் முறையில் மூத்த மரபு மைக்ரோசாஃப்டின் விமான நிரலான எஃப்எஸ்எக்ஸ், 2006-இல் வந்தது. இதில் புது நிலத்தை ஒரு கோப்புறையில் வைக்க வேண்டும், அதற்குள் 'சீனரி' என்ற பெயரில் இன்னொரு கோப்புறை, அதற்குள்தான் கோப்புகள். ஜிப்பைப் பிரிக்கும்போது உறைக்குள் உறையாகி, நிலம் எங்கோ நாலாம் சுற்றில் மாட்டிக்கொள்வது சகஜம். எல்லாம் ஒழுங்காக வைத்தபின் சீனரி லைப்ரரிக்குப் போய், 'ஆட் ஏரியா' அழுத்தி, கோப்புறையைத் தேர்ந்து, ஓகே சொல்ல வேண்டும். விண்டோஸ் 7 போட்ட கணினியில் ஓகே சொன்னால் ஒன்றும் நடக்காது. பெட்டி திறந்தது திறந்தபடியே நிற்கும். அப்போது செய்ய வேண்டியது, அந்தப் பெட்டியில் எதுவுமே எழுதாத வெள்ளை இடத்தை ஒருமுறை சொடுக்குவது. உடனே நிலம் பட்டியலில் சேர்ந்துவிடும். திரையை விலக்கி வெறும் வெளியைக் காட்டும் சிதம்பர ரகசியத்துக்கும் இதற்கும் உள்ள உறவைச் சைவ சித்தாந்திகள் இன்னும் கவனித்ததாகத் தெரியவில்லை.

எக்ஸ்-பிளேன் மரபில் வெளி இல்லை, வரிசை உண்டு. எந்த சீனரிக்கு முன்னுரிமை என்பதை ஒரு சின்ன எழுத்துக் கோப்பு தீர்மானிக்கிறது. விமான நிலையங்கள் மேலே நிற்க வேண்டும், தரை அடியில் கிடக்க வேண்டும். தரை மேலேறிவிட்டால் தனக்குக் கீழே உள்ளதையெல்லாம் மூடிவிடும். ஆனால் புதிதாக வரும் எதையும் நிரல் தானாகவே பட்டியலின் உச்சியில் ஏற்றி வைக்கிறது. பிறகு நோட்பேடில் திறந்து தரையை இறக்கி வைப்பது மனிதன் வேலை. செய்மதிப் படத்தைத் தரைமேல் விரித்துத் தரும் ஆர்த்தோ4எக்ஸ்பி என்ற இலவசக் கருவி இதை நன்றாக அறிந்திருக்கிறது. தான் செய்யும் ஒவ்வொரு கட்டத்தின் பெயரையும் 'இசட்' எழுத்தில் தொடங்குகிறது, அகர வரிசையிலாவது கடைசிக்குப் போகட்டும் என்று.

இனி உயரம். இலவசமாகக் கிடைக்கும் நிலங்களில் பலவற்றுக்கும் மூலம் ஒன்றே. 2000 பிப்ரவரியில் என்டவர் விண்ணோடம் 60 மீட்டர் நீளக் கம்பத்தின் நுனியில் ஓர் ஆன்டெனாவை நீட்டிக்கொண்டு 11 நாள் பூமியைச் சுற்றி, ராடாரால் மேடு பள்ளத்தை அளந்தது. அமெரிக்காவுக்கு வெளியே உள்ளவர்களுக்கு முதலில் 90 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில்தான் கொடுத்தார்கள். 2014 முதல்தான் 30 மீட்டர் கிடைத்தது. 90 மீட்டர் கணக்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளும் ஒருசில புள்ளிகளுக்கு இடையில் காணாமல் போகும். தைப்பூசத்துக்குக் காவடியோடு ஏறியவர்கள் இந்தத் தரவை ஏற்கமாட்டார்கள்.

அந்த ராடாருக்கு ஒரு குணம் உண்டு. அதன் அலைநீளம் 5.6 சென்டிமீட்டர். அடர்ந்த இலைக்கூட்டத்தைத் தாண்டி மண்ணைத் தொட அதனால் அவ்வளவாக முடியாது. பெரும்பகுதி மரத்தலையிலேயே பட்டுத் திரும்பிவிடும். ஆகவே 2000-இல் செம்பனை நின்ற இடங்களில் பதிவானது மண்ணின் உயரமல்ல, செம்பனையின் உயரம். அதன்பின் பத்து காவான் பக்கம் என்ன நடந்தது என்று செபராங் பிறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2014-இல் 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலம் வந்து இறங்கியது, தொழிற்சாலைகள் எழுந்தன, செம்பனை போனது. கணினியில் மட்டும் அது போகவில்லை. புதிய செய்மதிப் படத்தில் தொழிற்சாலைக் கூரை தெரியும். அந்தக் கூரை விரிந்து கிடக்கும் மேடு பழைய மரத்தின் மேடு. மலாயாத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக லயத்தில் இருந்து மரம் வளர்த்தவர்கள் பேரில் ஒரு துண்டு நிலம் பதிவானது அபூர்வம். அவர்கள் வளர்த்த மரமோ விண்ணிலிருந்து பார்த்தவர்கள் கணக்கில் நிலமாகவே பதிவாகியிருக்கிறது. மரத்தையும் கட்டடத்தையும் கழித்துவிட்டு வெறும் மண்ணை மட்டும் தரும் திருத்திய தரவுகளும் இப்போது உண்டு. இவ்வாய்வாளர் அவற்றைப் போடுவதாக இல்லை.

விமான நிலையங்களின் கதை வேறு. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் ஓடுபாதை 3,352 மீட்டர் நீளம். கடல்மட்டத்துக்கு மேல் வெறும் 11 அடி. எஃப்எஸ்எக்ஸ் அந்த உயரத்தில் ஒரு தட்டையான மேடையைப் போட்டு வைத்திருக்கிறது. புதிதாக நிறுவிய நிலமோ சுற்றிலும் தன் கணக்கில் ஏறி இறங்கும். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் ஓடுபாதை ஒன்று திண்ணையாகிவிடும், இல்லை குளமாகிவிடும்.

2020 ஆகஸ்டில் வந்த மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் இந்த உழைப்பையெல்லாம் தேவையில்லாமல் ஆக்கியது. உலகமே எங்கோ ஒரு சர்வரில் கிடக்கிறது. பறக்கப் பறக்க வந்து விழும். அறிவு உடையவர்கள் இதை ஏற்பதில்லை. மெல்பர்னின் புறநகர் ஒன்றில் ஓபன்ஸ்டிரீட்மேப்புக்குத் தகவல் தந்த ஒரு தன்னார்வலர் 2 மாடி என்பதற்குப் பதில் 212 என்று தட்டிவிட, சிமுலேட்டர் அதை நம்பி வானத்தைக் கிழிக்கும் ஊசிபோல ஒரு கோபுரத்தை எழுப்பியது. உலகமெங்கும் பைலட்டுகள் அதைச் சுற்றிப் பறந்து படம் எடுத்தார்கள். நம்மூர்க் கோபுரமான கொம்தாருக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை.

நிறுவி முடித்தவர் முதலில் எங்கே பறக்கிறார் என்பது இத்துறையில் கருத்து வேறுபாடே இல்லாத ஒரே செய்தி. லண்டனுக்கு இல்லை, சென்னைக்கும் இல்லை. பாயான் லெப்பாஸின் 04 ஓடுபாதையில் செஸ்னா 172 ஏறி, வலப்பக்கம் திரும்பி, கடலைக் கடந்து, ஜூரு டோலைப் பார்த்து, புக்கிட் தெங்காவில் தம் வீட்டுக் கூரையைத் தேடுகிறார். பத்துக் கடல் மைல், ஐந்தாறு நிமிடம். நிஜப் பாலத்தில் சாயங்கால நெரிசலில் இந்த நேரத்துக்கு முதல் வளைவைக்கூடத் தாண்ட முடியாது. ஜூம் 17 அளவில் எடுத்த படத்தில் ஒரு புள்ளி ஏறத்தாழ 1.2 மீட்டர். 20 அடி அகலமுள்ள வரிசை வீடு ஐந்து புள்ளி அகலத்தில் வந்து நிற்கும். அதை அடையாளம் காட்ட வீட்டாரை அழைப்பது மரபு.

"ஏங்க, இதா நம்ம வீடு?"

"அதான். கோயிலுக்குப் பின்னால மூணாவது வரிசை."

"வாசல்ல வெள்ளையா ஒரு காடி நிக்குதே?"

இரண்டு புள்ளி அகலம், நான்கு புள்ளி நீளம். உண்மையிலேயே நிற்கிறது. குடும்பத்தில் யாருக்கும் வெள்ளைக் காடி இருந்ததில்லை. பெரிய மாமாவுடையது என்று அம்மா சொல்கிறார். மாமாவுடைய புரோட்டோன் சாகா சிவப்பு. எதிர்வீட்டுக்காரர் இடம் இல்லாமல் இங்கே நிறுத்தியிருப்பார் என்கிறார் வீட்டுக்காரி, அப்படி நிறுத்த யார் விட்டது என்று அடுத்த கேள்வியையும் அவரே கேட்கிறார். செஸ்னா இதற்குள் புக்கிட் மெர்தாஜாம் மலைப்பக்கம் போய்விட்டது. கட்டுப்படுத்தும் கையை யாரும் கவனிக்கவில்லை.