கம்பெனி மூடிய பிறகு முன்னேறிய வண்டி

இப்போதெல்லாம் ஒரு மிக்ஸி வாங்கினால்கூட மறுநாள் காலையே கைபேசி கெஞ்ச ஆரம்பித்துவிடுகிறது: எத்தனை நட்சத்திரம் தருவீர்கள், எதை மாற்றலாம், தங்கள் மேலான யோசனை என்ன? யாரும் கேட்காமலே யோசனைகளை வாரி இறைத்த மைசூரில் வளர்ந்தவனுக்கு இந்தக் கெஞ்சல் வேடிக்கையாக இருக்கிறது.

யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை இருந்த மைசூர் அது. ஃபரோக் இரானி செக் நாட்டு ஜாவா மோட்டார் சைக்கிளை இங்கே கொண்டுவர, மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார் ஆலையைத் திறந்துவைக்க, 1961இல் வண்டிகள் வரத் தொடங்கின. 1973இல் யெஸ்டி என்று பெயர் மாறியது. கியர் லீவரை உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் அதுவே கிக்கர் ஆகிவிடும் அந்த வண்டியில், உதைத்துவிட்டு லீவரைப் பழைய இடத்துக்கே ஒரு தட்டில் கொண்டுவரத் தெரிந்தவன்தான் எங்கள் கணக்கில் ஆண்பிள்ளை. ஊரில் பாதிப் பேர் அந்த வண்டியைச் செய்தார்கள், மீதிப் பேர் அதைத் திருத்திக்கொண்டிருந்தார்கள்; இரண்டு தரப்பும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததால் தனியாக ஓர் ஆராய்ச்சித் துறை தேவைப்படவில்லை என்பது என் கட்சி. பெல்பாட்டமும் கிருதாவுமாக நானும் அங்கே போய், ஆலையின் காக்கிச் சட்டைக்காரர் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், கார்புரேட்டரைப் பற்றிக் கொஞ்சம் உரக்கப் பேசுவேன். அவர் எழுந்து நேராக இன்ஜினியரிடம் போவார் என்று நம்பினேன். அவர் இன்னொரு டீ சொல்வார்.

உண்மையான விஞ்ஞானி மண்டி மொஹல்லாவில் இருந்த மெக்கானிக் பாய். தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தால் இக்னிஷன் பாயின்ட்டைத் தேய்ப்பார், சிகரெட் பெட்டி அட்டையைக் கிழித்து நுழைத்து இடைவெளி பார்ப்பார், பிறகு தலையைச் சாய்த்து என்ஜின் சத்தத்தைக் கேட்பார், கச்சேரியில் முன்வரிசைக்காரர் மாதிரி. டூ-ஸ்ட்ரோக்குக்கே உரிய கரி சைலன்சரில் அடைத்தால் அதைக் கழற்றி நெருப்பில் காட்டுவார். சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்கப் பின்னால் கம்பித் தடுப்பு, பால்காரருக்குக் கேன் மாட்டும் கொக்கி, எல்லாம் கேட்டவர் கேட்டபடி. சேலைத் தடுப்பு போன்ற ஒரு காப்பைப் பின்னால் ஆள் உட்கார வசதியுள்ள மோட்டார் சைக்கிளுக்கெல்லாம் கட்டாயமாக்கி 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி வந்தபோது, பாய் அதைப் பற்றிக் கேள்விப்பட்டாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

அமெரிக்காவில் எம்ஐடி பேராசிரியர் எரிக் வான் ஹிப்பல், விஞ்ஞானக் கருவிகளில் வந்த பெரிய மேம்பாடுகளில் பெரும்பாலானவை கருவியைச் செய்தவர்களிடமிருந்தல்ல, பயன்படுத்தியவர்களிடமிருந்தே வந்தன என்று 1970களிலேயே கண்டு எழுதினார். மைசூரில் வந்து ரயிலிறங்கியிருந்தால் அவர் வேலை இன்னும் சுலபமாக முடிந்திருக்கும்.

1996இல் ஆலை மூடியது. வேடிக்கை அதற்குப் பிறகுதான். கம்பெனியே இல்லாத 22 வருஷத்தில் வண்டி பாட்டுக்கு முன்னேறிக்கொண்டிருந்தது! பாயின்ட்டைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தார்கள், 6 வோல்ட்டை 12 ஆக்கினார்கள், கிடைக்காத சாமானை லேத்தில் கடைந்தார்கள், யார் எதைக் கண்டுபிடித்தாலும் ஜூலை இரண்டாம் ஞாயிறு ஜாவா-யெஸ்டி நாளில் கூடி ஒருவருக்கொருவர் ஓசியில் சொல்லிக்கொடுத்தார்கள். 2018 நவம்பரில் கிளாசிக் லெஜண்ட்ஸ் என்ற கம்பெனி ஜாவாவைத் திரும்பக் கொண்டுவந்தபோது பிறந்த ஊர் மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூர் ஆகியிருந்தது. 293 சிசி, திரவத்தால் குளிரும் ஒற்றை சிலிண்டர், ஆனால் சைலன்சர் மட்டும் பழையபடி இரண்டு. இரண்டு இல்லாவிட்டால் அது ஜாவாவா என்று கேட்க ஒரு தலைமுறையே வாசலில் நின்றிருந்ததே!

போன மாதம் அண்ணன் மகன் ஒரு புது வண்டி வாங்கினான், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். கிழவராகிவிட்ட பாயிடம் காட்டக் கொண்டுபோனோம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மூன்று சுற்று சுற்றிவந்தார். எல்லாம் மூடி, எல்லாம் கம்ப்யூட்டர். அந்த நேரம் பார்த்துப் பையன் கைபேசி சிணுங்கியது: உங்கள் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம்?

பாய் எட்டிப் பார்த்தார்.

"அஞ்சும் குடுத்துடு தம்பி. கையோட, ஸ்பானர் எங்க போடறதுன்னும் கேட்டுக்க."