முத்தியால்பேட்டையில் வினாவும் விடையும்: நன்னூல் வழி ஓர் ஆய்வு

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் பெருகப் பெருக, அதைப் பற்றித் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள் என்பது உலகளாவிய புலம்பல். அமெரிக்கர்கள் இதற்கு மாதமே குறித்து வைத்திருக்கிறார்கள். யூஸ்நெட் என்ற பழைய விவாதக் களத்தில் ஒவ்வொரு செப்டம்பரிலும் கல்லூரிக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் நுழைந்து கண்டதையும் கேட்பார்கள். பெரியவர்கள் திட்டித் திட்டி அவர்களை வழிக்குக் கொண்டுவருவார்கள். 1993 செப்டம்பருக்குப் பிறகு கல்லூரிக்கு வெளியிலிருந்தும் கூட்டம் வரத் தொடங்கியது; நிற்கவேயில்லை. அந்தச் செப்டம்பர் இன்னும் முடியவில்லை என்பது பழையவர்கள் கணக்கு. 1995 அக்டோபரில் இன்டெல் நிறுவனத்தின் சாலி ஹாம்பிரிட்ஜ், இணையத்தில் நடந்துகொள்ளும் முறை பற்றி ஆர்.எஃப்.சி. 1855 என்ற எண்ணில் ஓர் ஒழுக்கநூலே எழுதினார். வி.எஸ்.என்.எல். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று. ஆக, இந்தியாவுக்கு இணையம் முதலில் வந்தது, மரியாதை இரண்டு மாதம் கழித்து வந்தது. அந்த இரண்டு மாதத்தில் பழகியதை நாம் இன்றுவரை விடவில்லை.

ஆனாலும் ஹாம்பிரிட்ஜ் அம்மையாரின் கோலைக் கொண்டு புதுச்சேரியின் முத்தியால்பேட்டையை அளப்பது முறையன்று. நமக்கு நன்னூல் தந்த பவணந்தி முனிவர் இருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே வினா ஆறு வகை, விடை எட்டு வகை என்று அறுதியிட்டுச் சொல்லிவிட்டுப் போனவர். பத்தாம் வகுப்பில் ஐந்து மதிப்பெண்ணுக்காக உருப்போட்டு, தேர்வறை வாசலிலேயே நாம் கைவிட்ட அந்தப் பகுதிக்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது.

ஆய்வுக்களம்: மணிக்கூண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு தெரு. தெற்கே நகரம், வடக்கே கொஞ்சம் போனால் கோட்டக்குப்பம், அதாவது தமிழ்நாடு. தெருவின் பெயரைச் சொல்வதற்கில்லை. ஆய்வாளர் அங்கேதான் தொடர்ந்து குடியிருக்க வேண்டும். தரவு: அத்தெருவின் வாட்ஸ்அப் குழு. குடிநீர் வராதது, கோயில் திருவிழா வரி, காணாமற்போன பூனை ஆகியவற்றை நீக்கிவிட்டுக் கணினி, செல்போன், பிரிண்டர் தொடர்பானவை மட்டும் ஆராயப்பட்டன.

முதல் கண்டுபிடிப்பு, பவணந்தியாரின் ஆறு வினாக்களும் இங்கே உயிரோடு இருக்கின்றன என்பது. விடை தெரிந்தே கேட்பது அறிவு வினா. புது போன் வாங்கி, பெட்டியைப் பிரித்து, ஸ்கிரீனுக்குக் கண்ணாடியும் ஒட்டி முடித்த பிறகு "இந்த மாடல் எப்படிப்பா?" என்று கேட்பது இவ்வகை. வேண்டாம் என்று பதில் சொன்னவர் அந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அழைக்கப்படவில்லை. "மதர்போர்டா, வைரஸா?" என்பது ஐய வினா, கேட்பவர் வேறெந்த உறுப்பின் பெயரையும் அறியார். "டைப் சி சார்ஜர் கீதா?" கொளல் வினா. "பழைய குண்டு மானிட்டர் ஒண்ணு சும்மா கெடக்கு, யாருக்கனா வேணுமா?" கொடை வினா, கொள்வாரின்றி நெடுங்காலம் நிற்பது. உண்மையிலேயே தெரியாமல் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிற அறியா வினா மட்டும் மிக அரிது. சென்டாக் கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் காலத்தில், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளிடம் மட்டும் சில நாள் தென்பட்டு மறையும்.

மீதி எல்லாம் ஏவல் வினா. இதை விரித்தே சொல்ல வேண்டும். கேள்வி போல வந்து வேலை வாங்குவது ஏவல் வினா. "தம்பி, வீட்லயா கீற?" என்றால் பிரிண்டரில் தாள் சிக்கியிருக்கிறது. "தம்பி, சாப்டியா?" என்றால் மின்கட்டணம் கட்டிய பணம் கணக்கிலிருந்து போய்விட்டது, ரசீது வரவில்லை. "அம்மா நல்லாக்கீறாங்களா?" என்றால் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. நோயின் கடுமைக்கேற்ப நலம் விசாரிப்பின் சுற்று விரியும். ஒருமுறை தாத்தாவின் கண் ஆபரேஷன் வரை விசாரித்து வந்த செய்தியின் பின்னால், கல்யாண போட்டோ முழுவதும் அழிந்த ஹார்ட் டிஸ்க் ஒன்று இருந்தது.

இந்தத் தம்பி யார் என்பதுதான் ஆய்வின் நடுநாயகமான கேள்வி. தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். கம்ப்யூட்டர் பையன் என்று பெயர். இப்பெயர் சூட்டப்பட்டபோது அவர் பையன்தான். இப்போது காதோரம் நரைத்துவிட்டது, இரண்டு பிள்ளைகள், வேலை கணக்கர் வேலை. ஆகவே முத்தியால்பேட்டையில் கணினி அறிவு குறைந்துவிட்டது என்பது பிழையான கூற்று. அது ஒருவரிடம் குவிந்துவிட்டது என்பதே சரி.

எப்படிக் குவிந்தது? வரலாறு இருக்கிறது. இந்தப் பையன் தமிழில் ஒரு மின்னஞ்சல் படிக்க ஆசைப்பட்ட காலம், எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகவோ, தலைப்புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகவோ திரையில் வந்து விழுந்த காலம். எழுத்துக் குறியீடு திஸ்கியா, டாபா, பாமினியா என்று கண்டுபிடித்து, அதற்குரிய எழுத்துருவை இறக்கி, உலாவியின் மெனுவில் யூசர் டிஃபைண்ட் என்பதைத் தேர்ந்தால்தான் 'அன்புள்ள நண்பருக்கு' கண்ணுக்குத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் ஒரு தரம் வகுத்தது. பழையவையும் கூடவே ஓடின. யூனிகோடு வந்த பிறகும் விண்டோஸ் எக்ஸ்பியில் கண்ட்ரோல் பேனலுக்குள் போய் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். உடனே அது எக்ஸ்பி சிடியைக் கேட்கும். சிடி கடைக்காரரிடம் இருக்கும். கடைக்காரர் மத்தியானம் கடை சாத்தியிருப்பார். இவ்வளவையும் கடந்து இ-கலப்பையைப் போட்டு 'அம்மா' என்று அடித்தவர் யாராயினும், எழுத்து என்பது எண், எண்ணுக்கு முகம் எழுத்துரு என்ற தத்துவத்தைப் போகிற போக்கில் தெரிந்துகொண்டார். அதை யாரும் அறிவு என்று மதிக்கவில்லை. வேறு வழியில்லாமல் பட்ட பாடு அது. அக்காலத்தில் தமிழ் மடலாடற் குழுக்களில் உதவி கேட்டு எழுதியவர்கள் எந்த எழுத்துரு, எந்தக் குறியீடு, எந்த விண்டோஸ் என்று முதல் வரியிலேயே சொல்லித் தொலைக்க வேண்டியிருந்தது. சொல்லாவிட்டால் கேள்வியையே எதிராளியால் படிக்க முடியாதே!

இன்று பிறந்த குழந்தையின் போனிலும் தமிழ் ஒழுங்காக வருகிறது. நல்லதுதான். ஆனால் பழுது எங்கே என்பதுதான் தெரிவதில்லை. முத்தியால்பேட்டை நெசவுக்குப் பெயர்போன பேட்டை. இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரியும், தறியில் இருப்பவரே முடிச்சுப் போட்டுக்கொள்வார். பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார், துளையிட்ட அட்டைகளால் தறியை ஓட்டிக் காட்டியது 1804 வாக்கில். கம்ப்யூட்டரின் பாட்டனார் ஒரு தறி என்று அறிஞர்கள் இதை வைத்தே சொல்கிறார்கள். பேரன் மட்டும் அறுந்த இழையைக் காட்டுவதில்லை. 'ஏதோ தவறு நிகழ்ந்துவிட்டது' என்று ஒரு வரி, கீழே 'சரி' என்று ஒரு பொத்தான். நாம் பொத்தானை அமுக்குகிறோம், வரியைப் படிப்பதில்லை. "இன்னாமோ வந்துச்சு தம்பி, மூடிட்டேன்" என்பதே இத்தெருவின் தேசிய வாக்குமூலம்.

இனி, ஒரு நிகழ்வாய்வு. பாரிஸில் இருக்கும் ஒருவர் டிசம்பர் விடுமுறைக்கு வந்தார். போகும்போது தம் மடிக்கணினியை அக்காளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். தெருவே அவரைப் பிரான்ஸ் மாமா என்று அழைக்கும். பொங்கல் கழிந்து அக்காள் மகள் குழுவில் எழுதினாள்: "லேப்டாப் ஓப்பன் ஆகல." அவ்வளவுதான் கேள்வி. வந்த விடைகள் பவணந்தியாருக்குப் பெருமை சேர்ப்பவை. "ரீஸ்டார்ட் பண்ணு", இது ஏவல் விடை. "என்னுதும் போன மாசம் இப்டித்தான் பூட்ச்சு", இது உற்றது உரைத்தல். "கடைல குடுத்தா ஃபார்மேட் பண்ணுவான், எல்லாம் அழிஞ்சிரும்", இது உறுவது கூறல். "லேப்டாப் பத்தித் தெரியாது, டிவி ரிமோட்டுன்னா பாப்பேன்", தூய இனமொழி. எதிர்வீட்டுப் பெரியப்பா மட்டும், பிரான்ஸ் கரண்டு வேறு, நம்மூர் கரண்டு வேறு, அதனால் உள்ளே எரிந்திருக்கும் என்று தீர்ப்பே எழுதிவிட்டார். இரண்டு நாட்டிலும் 230 வோல்ட்டு, 50 ஹெர்ட்ஸ்தான். மாமாவைக் கேட்கலாமென்றால், அவர் அங்கே 4½ மணி நேரம் பின்னால், தூக்கத்தில் இருந்தார்.

மாலையில் பையன் வந்தார். திரையில் சிவப்பாக ஒரு வரி, பிரெஞ்சில். கடவுச்சொல் கட்டத்தில் கரும்புள்ளிகள். ஓரத்திலிருந்த கண் படத்தை அமுக்கிப் பார்த்தார். மாமா சொல்லிவிட்டுப் போன கடவுச்சொல் ஆங்கில எழுத்தில் 'அம்மா', பின்னால் 1962; புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த ஆண்டு. (இப்போது மாற்றியாயிற்று.) பெண் அதைச் சரியாகத்தான் அடித்திருக்கிறாள். திரையில் தெரிந்ததோ கியூ, அரைப்புள்ளி, அரைப்புள்ளி, கியூ. எண்களுக்குப் பதில் ஓர் ஆச்சரியக்குறி, ஓர் அடைப்புக்குறி, இன்னும் ஏதேதோ.

பிரெஞ்சு விசைப்பலகையில் எழுத்து வரிசை வேறு. நம்முடையதில் கியூ இருக்கும் இடத்தில் அங்கே ஏ. நம் அரைப்புள்ளியின் இடத்தில் எம். எண்களுக்கு ஷிப்டை அமுக்க வேண்டும். அந்தப் பெண் முந்தின நாள் ஆங்கிலம் அடிப்பதற்காக உள்ளே இந்திய ஆங்கில விசை அமைப்பைச் சேர்த்திருக்கிறாள். விசையின் மேல் அச்சிட்டிருப்பது ஒன்று, உள்ளே போவது வேறொன்று. மூலையில் 'எங்' என்று இருந்ததை 'ஃப்ரா' என்று மாற்றியதும் கதவு திறந்துகொண்டது.

இதில் தொழில்நுட்ப அறிவு எங்கே குறைந்தது என்று ஆய்வாளர் தேடிப் பார்த்தார். சுவர் தாண்டினால் பக்கத்து வீட்டில் சொல்தா தாத்தா இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குபவர். கம்ப்யூட்டரை எந்தப் பக்கம் திறப்பது என்பதும் அறியார். ஆனால் அந்தச் சிவப்பு வரியைக் காட்டியிருந்தால், "மோ த பாஸ் தப்பாம்மா, திருப்பிப் போடச் சொல்றான்" என்று காப்பியை ஆற்றிக்கொண்டே சொல்லியிருப்பார். மிஷின் கெடவில்லை, கடவுச்சொல்தான் இடிக்கிறது என்று அங்கேயே பாதி முடிந்திருக்கும். அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாதே!

எட்டு விடைகளில் எனக்குப் பிடித்தது எதிர் வினாதல். "திரையில இன்னா எழுதியிருக்கு?" என்று திருப்பிக் கேட்பது. குழுவில் பையன் வழக்கமாக இதைத்தான் செய்வார். திமிர் என்று பெயர் வாங்கியதும் இதனால்தான். கேள்வி கேட்டால் கேள்வியே கேட்கிறானே என்று பெரியம்மாக்கள் வருத்தப்படுகிறார்கள். வைத்தியர் நாடி பிடித்துக்கொண்டே எத்தனை நாளாக வலி என்று கேட்டால் மட்டும் நாளும் நாழிகையும் சொல்வார்கள்.

விசைப்பலகை விவகாரத்தைப் பையன் அன்றிரவே குழுவில் பொறுமையாக விளக்கி எழுதினார். மூலையில் எங்கே பார்க்க வேண்டும், எதை அமுக்க வேண்டும் என்பது வரை. கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. நன்னூல் கடைமாணாக்கரில் நெய்யரியைச் சொல்கிறது: நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பன்னாடை. எதிர்வீட்டுப் பெரியப்பா அந்த நீண்ட செய்தியைப் படித்துவிட்டு மறுநாள் கடைத்தெருவில், பிரான்ஸ் மிஷின் எதுவும் இங்கே ஒத்துவராது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பவணந்தியார் பட்டியலில் விடுபட்ட ஒன்பதாம் விடையை இவ்வாய்வு இலக்கண உலகத்துக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறது. அண்மையில் அதே தெருவில் இன்னொரு வீட்டில், பிரான்சிலிருந்து வந்த இன்னொரு மடிக்கணினி திறக்கவில்லை. குழுவில் கேள்வி வந்தது. பையன் அன்று ஊரில் இல்லை. அக்காள் மகளே முந்திக்கொண்டு பதில் எழுதினாள்: "எங்களுக்கும் இதேதான் வந்துச்சு. அப்புறம் சரியாயிடுச்சு."

எப்படிச் சரியானது என்று கேட்டார்கள்.

"தம்பி வந்து பாத்துச்சு."