தாய்மாமன் சீர், 40 கேபி

தங்கச்சி குழந்தைக்குத் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். மடியைக் கொடுத்தோமா, பந்தியில் உட்கார்ந்தோமா என்று இருந்திருக்கலாம். "வீடியோவுக்கு எதுக்கும்மா ஆளு? மூணு போன்ல எடுங்க, நானே வெட்டி ஒட்டித் தர்றேன்" என்றேன். குத்தியிருக்க வேண்டியது என் வாயை.

எனக்குத் தெரிந்தது மூவி மேக்கர் ஒன்றுதான். மைக்ரோசாப்ட் 2017 ஜனவரியிலேயே அதற்குக் காரியம் முடித்துவிட்டதாம். எனக்குத்தான் யாரும் துக்கம் சொல்லி அனுப்பவில்லை.

அடுத்து டாவின்சி ரிசால்வ். சினிமாக்காரர்களே கலர் சரிசெய்யும் சமாசாரம், ஓசியிலும் கிடைக்கிறது. எங்கள் வீட்டிலிருப்பதோ மகள் பிளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப், ராம் 2 ஜிபி. ரிசால்வ் கேட்டதோ 16. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் நிற்கும் கன்டெய்னர் லாரியை எங்கள் சந்துக்குள் திருப்பினால் எப்படியோ, அப்படி: முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை, இரைச்சல் மட்டும்.

மச்சானிடம் மேக் உண்டு, அதில் ஐமூவி இலவசம். தொடுவதற்கு முன் கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். மானஸ்தன் என்ன செய்வான்? சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போனேன். பாதி முடித்து, மீதியை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தால், ஐமூவி ஆப்பிளைத் தாண்டி வேறு எதிலும் ஓடாதாம். இன்னொரு 'இலவசம்', கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர்போலக் குழந்தை முகத்தின் மேலேயே தன் பெயரை எழுதிவைத்தது.

கடைசியில் ஷாட்கட். விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றுக்கும் உண்டு, காசும் கேட்காது, பெயரும் போடாது. எங்கள் கிழட்டு லேப்டாப்புக்கு ஒத்துப்போகிற பழைய பதிப்பாகத் தேடிப் போட்டேன். எஸ் அமுக்கினால் வெட்டு, எக்ஸ் அமுக்கினால் தூக்கு, அவ்வளவுதான் வித்தை. பத்தர் கம்பியை எடுக்கிறார், குழந்தை அவரை முறைக்கிறது, "ஐயோ அம்மா!" என்று ஓர் அலறல். குழந்தை அல்ல, நான். எஸ், எக்ஸ். நிம்மதியாக அடுத்த போன் வீடியோவை ஒட்டினால் அதிலும் அலறுகிறேன். மூன்றாவதில் கண்ணீரோடு.

மூன்று ராத்திரி. சேவ் செய்து, பென்டிரைவில் ஏற்றி, ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். டிவி முன்னால் மொத்தக் குடும்பமும். வஞ்சிரம் வறுவல் வேறு, எனக்கு மட்டும் இரண்டு துண்டு. டிவி, பென்டிரைவில் ஒன்றுமே இல்லை என்றது. மச்சான் வாங்கி மேக்கில் சொருகிப் பார்த்தார். 40 கேபி.

"எங்கெங்க வெட்டணும்ங்கிற குறிப்பு மட்டும்தான் இதுல இருக்கு மச்சான். எக்ஸ்போர்ட் பண்ணாதான் வீடியோ ஆகும். குழந்தை, கோயில் எல்லாம் உங்க லேப்டாப்லயே இருக்கு."

யாரும் பேசவில்லை. தங்கச்சிதான் வறுவல் தட்டை நகர்த்திக்கொண்டே சொன்னாள்: "விடுண்ணா. மொய்க் கவர்ல பேர் எழுதிட்டு, பணம் வைக்க மறந்துட்ட."