அப்பளக்காரம்

அப்பாயி காலத்தில் எங்கள் வீட்டில் நெல் அரிசியாவதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். முதல் நாள் அண்டாவில் ஊறப்போட்டு, விடியற்காலையில் அடுப்பேற்றி, நெல் வாய் விடும்வரை அவிப்பார்கள். பிறகு களத்தில் கொட்டி, வெயில் ஏற ஏறக் காலால் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளைகளான எங்களுக்கு அந்த வேலை. அப்பாயி நாலு நெல்லை உரித்துக் கடித்துப் பார்ப்பார். அதிகம் காய்ந்தால் மில்லில் குருணையாகிவிடும், ஈரம் நின்றால் வாடை வந்துவிடும். பக்குவம் அவர் பல்லுக்குத்தான் தெரியும்.

அப்படி அவிக்கும்போதுதான் தவிட்டிலுள்ள தயமின் என்ற வைட்டமின் அரிசிக்குள் இறங்குகிறது. தீட்டிய பச்சரிசியையே நம்பியிருந்த ஊர்களை, அந்த வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் வாட்டியபோது, புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களை அது அவ்வளவாக அண்டவில்லை. இத்தனை வேலை செய்த அரிசியைப் பதப்படுத்திய உணவு என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது சென்னையில் என் மகள் கடையில் எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் திருப்பிப் படிக்கிறாள்.

"அம்மா, இந்த அப்பளத்துல ஐஎன்எஸ் 500 இருக்கு. வேண்டாம்."

"அது அப்பளக்காரம்தான்மா. அப்பாயி அதைத்தான் உப்போட தண்ணியில கரைச்சு, உளுந்து மாவுல ஊத்தி உரல்ல இடிப்பாங்க."

பேரனுக்கு அவள் எடுத்த பிஸ்கட்டில் முன்பக்கம் கேழ்வரகுக் கதிர்; பின்பக்கம் மைதா, பாமாயில், இன்வர்ட் சிரப், எமல்சிஃபையர், வாசனைப் பொருள். அதை அவள் கூடையில் போட்டுவிட்டாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். பிரேசிலில் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தின் கார்லோஸ் மொன்டெய்ரோ 2009இல் முன்வைத்த கருத்திலிருந்து வளர்ந்த நோவா வகைப்பாடு உணவை 4 பிரிவாக்குகிறது. காயவைப்பது, அரைப்பது, அவிப்பது, புளிக்கவைப்பது எல்லாம் முதல் பிரிவிலேயே அடங்கும். அப்பாயி அவித்த நெல் அங்கேதான். உப்புக் கருவாடும் டின் மீனும் மூன்றாவதில். வீட்டுச் சமையலில் இல்லாத பொருள்களைக் கூட்டி ஆலையில் உருவாக்குவது நான்காவது. கேட்கத் தெளிவாக இருக்கிறது. கடையில் நின்றால் குழம்புகிறது. அரிசி, உளுந்து, உப்பு மட்டும் போட்ட பாக்கெட் இட்லி மாவும், கெடாமலிருக்க வேறு எதையோ சேர்த்த மாவும் ஒரே பெயரில் ஒரே அலமாரியில் இருக்கின்றன.

எத்தனை முறை பக்குவப்படுத்தினார்கள் என்று எண்ணுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. என்ன சேர்த்தார்கள், எதற்காகச் சேர்த்தார்கள் என்பதுதான் தெரிய வேண்டும். நம் சட்டப்படி சேர்மானம் செய்யும் வேலையோடு, அதன் பெயரையோ ஐஎன்எஸ் என்ற சர்வதேச எண்ணையோ, ஏதாவது ஒன்றைப் போட்டால் போதும். அதையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ போட்டால் போதும். எண்ணுக்குப் பக்கத்தில் பெயரையும் வேலையையும் தமிழில் அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். அப்படி இருந்திருந்தால் அன்றைக்கு என் மகள் அப்பளத்தை எடுத்துக்கொண்டு பிஸ்கட்டை வைத்துவிட்டு வந்திருப்பாள்.