ஈய மூடியும் ஜிகினாத் தாளும்

எங்கள் டெல்டாவில் பரிசுப் பொட்டலத்தை யாரும் கிழிப்பதில்லை. செல்லோ டேப்பை நகத்தால் நோகாமல் உரித்து, தாளை நீவி மடித்து மெத்தைக்கு அடியில் போட்டுவிடுவார்கள். டிசம்பரில் அதுவே மூங்கில் குச்சியில் ஒட்டி, பல்பு செருகிய நட்சத்திரமாகித் திண்ணையில் தொங்கும். ஐந்து முனையில் ஒரு முனை மட்டும் 'ஹாப்பி பர்த்டே' என்று சொல்லும். யாருடைய பிறந்தநாள் என்று யோசித்தால், அதிலும் பிழையில்லை.

கஞ்சத்தனம் என்று சிரிக்காதீர்கள். இதற்குப் பரம்பரை உண்டு. தரங்கம்பாடியில் பாதிரியார் சீகன்பால்க் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தாரே, அப்போதும் தாள் பஞ்சம்தான். எழுத்தைச் சிறிதாக்கினால் தாள் மிஞ்சும். சிறிய அச்செழுத்து வார்க்க ஈயம்? இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் மூடியை உருக்கி வார்த்தார்களாம். பாலாடைக்கட்டி வயிற்றுக்கு, மூடி வேதத்துக்கு.

அந்த வம்சம்தான் இன்று குடிலுக்குப் பஞ்சை உதறிப் பனி தூவுகிறது. வெளியே வாடைமழையில் சம்பா முழங்கால் தண்ணீரில் நிற்கிறது. பனியாவது பரவாயில்லை, ஊரில் கிடைக்காத சரக்கு. வைக்கோலைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கடையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதைத் தஞ்சாவூர் மிராசுதார் பேரன் பேரம்கூடப் பேசாமல் வாங்கிப் போகிறார்.