குப்பைக் கான்ட்ராக்டர் மகாத்மியம்

கோயில் உள்ள ஊருக்கெல்லாம் தலபுராணம் உண்டு. மரத்துக்கும் குளத்துக்கும்கூட மகாத்மியம் பாடி வைத்திருக்கிறோம். ஆனால் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை போடும் சென்னையில், அதை வாரி லாரியில் ஏற்றிக் கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் கான்ட்ராக்டரைப் பற்றி யாரும் நல்லதாக நாலு வரி எழுதியதில்லை. கால் நூற்றாண்டாக அவர் தயவில் மூக்கைப் பிடிக்காமல் தெருவில் நடக்கிறவன் நான். அந்த நன்றிக்கடன் உறுத்துகிறது. அவருடைய அற்புதங்களில் ஊரறிந்தவற்றையும், என் தெருமுனையில் நானே கண்டவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அவதாரங்கள். 2000-ல் ஓனிக்ஸ் என்ற பெயரில், பிரெஞ்சுக் குழுமம் ஒன்றின் கிளையாக வந்து மூன்று மண்டலங்களைத் தாங்கினார். 2007-ல் நீல் மெட்டல் ஃபனால்கா ஆனார். அதில் கொலம்பிய நாட்டுப் பங்கு உண்டு. 2012-ல் ஹைதராபாத்தின் ராம்கி. 2020-ல் ஸ்பெயினின் அர்பேசரும் நம் நாட்டு சுமீத்தும் கைகோத்து வந்தார்கள். இத்தனை கடல் தாண்டி வந்து சென்னைக் குப்பையைத் தொடத் துணிந்தார்களே, அது நமக்குப் பெருமை. தொட என்றது ஒரு பேச்சுக்கு. தொடுகிற வேலைக்கு அவர்கள் தங்கள் ஊரிலிருந்து யாரையும் கூட்டிவரவில்லை. உள்ளூர்க்காரர் பிழைப்பில் மண் போடும் எண்ணம் அவர்களுக்குத் துளியும் கிடையாது. முதலாளி எந்த நாட்டுக்காரராக மாறினாலும், துடைப்பம் பிடிக்கும் கைகளைப் புளியந்தோப்பும் வியாசர்பாடியும் கண்ணகி நகருமே கொடுத்துவந்தன.

முதல் அற்புதம் இதில்தான் இருக்கிறது. அதன் பெயர் சமூகநீதி. 69 விழுக்காடு இடஒதுக்கீட்டைக் காப்பாற்ற நாம் பட்ட பாடு கொஞ்சமா? சட்டம் இயற்றி, 1994-ல் அரசமைப்பையே திருத்தி, ஒன்பதாவது அட்டவணைக்குள் அதை வைத்துப் பூட்ட வேண்டியிருந்தது. கான்ட்ராக்டரிடம் இனச்சுழற்சிப் பட்டியல் கிடையாது, அரசாணை கிடையாது, நேர்காணல் கிடையாது. ஆனாலும் துடைப்பத்திலும் கூடையிலும் பட்டியல் சாதி மக்களுக்கு அவர் ஒதுக்கியிருக்கும் இடத்தைப் பார்த்தால், 69 என்பது கஞ்சத்தனமான எண்ணாகத் தெரிகிறது. 2024-ல் ஒன்றிய அரசு வெளியிட்ட கணக்கில், நாடெங்கும் சாக்கடை, மலக்குழி வேலையில் எண்ணப்பட்ட சுமார் 38,000 பேரில் 92 விழுக்காட்டினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர். அது சாக்கடைக் கணக்கு. தெருக்கூட்டும் கணக்கு அதற்கு இளைத்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இத்தனை பாரபட்சம் காட்டியும், எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் இதில் இடமில்லை என்று வேறு எந்தச் சாதிச் சங்கமும் கொடி பிடித்து நான் பார்த்ததில்லை. அந்த அளவுக்கு எல்லாரையும் திருப்தியாக வைத்திருக்கிறார்.

பெண்களுக்கும் குறை வைக்கவில்லை. கூட்டுவது, வாசலில் நின்று குப்பை வாங்குவது, மக்கும் குப்பை மக்காத குப்பை என்று கையால் பிரிப்பது, பேட்டரி வண்டியை ஓட்டுவது எல்லாம் பெரும்பாலும் அவர்களுக்கே. கம்பாக்டர் லாரியின் ஸ்டியரிங்கும், சூப்பர்வைசரின் வருகைப் பதிவேடும் மட்டும் ஆண்களுக்கு. பாவம், அவர்களுக்கும் ஏதாவது வேண்டுமே.

இரண்டாவது அற்புதம், மூப்பை நீக்குவது. இதற்கு நானே சாட்சி.

எங்கள் தெருவுக்கு வரும் அக்காவுக்கு வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். காலை ஆறேகாலுக்கு வண்டியை மின்கம்பத்தின் ஓரம் நிறுத்திவிட்டு, டீக்கடையில் ஒரு பன்னை நனைத்துச் சாப்பிடுவார். "எத்தனை வருஷமா இந்தத் தெருவுக்கு வர்றீங்கக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பதினாலு வருசமாச்சு சார். தெரு மாறல. கம்பெனிதான் மாறிக்கினே கீது."

வண்டியின் கைப்பிடியில் சாயம் போன பச்சைத் துணி ஒன்று சுற்றியிருந்தது. அது முந்தைய கம்பெனி கொடுத்த கோட்டு. அதற்கும் முந்தைய ஆரஞ்சுக் கோட்டு வீட்டில் கால்மிதியாக இருக்கிறதாம். இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்தார். உள்ளே மூன்று அடையாள அட்டைகள். ஒரே முகம்தான், அட்டைக்கு அட்டை முடி மட்டும் நரைத்துக்கொண்டு வந்தது. மூன்றிலும் பணியில் சேர்ந்த தேதி வேறு வேறு. கடைசி அட்டைப்படி அக்கா வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

இந்த வித்தையின் அருமை சட்டம் தெரிந்தவர்களுக்கே விளங்கும். 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது 1981-ல் தமிழ்நாடு இயற்றிய சட்டம். ஐந்து ஆண்டு தொடர்ந்து உழைத்தவருக்குப் பணிக்கொடை என்றது 1972-ஆம் ஆண்டின் சட்டம். இரண்டுமே மனிதனுக்கு வயது ஏறும் என்று நம்பி எழுதப்பட்டவை. கான்ட்ராக்டர் அந்த மூடநம்பிக்கையை ஒழித்துவிட்டார். டெண்டர் மாறும் நாளில் எல்லாரும் புதிதாகப் பிறக்கிறார்கள். முட்டி தேய்ந்திருக்கும், மூச்சு வாங்கும், ஆனால் சர்வீஸ் மட்டும் பால்குடி மறக்காத குழந்தை. மார்க்கண்டேயருக்குக்கூட எமனோடு போராடித்தான் என்றும் பதினாறு கிடைத்தது. இங்கே ஒரு கையெழுத்துப் போதும்.

மூன்றாவது அற்புதம் கருணை. 2025-ல் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பையும் கம்பெனி கைக்குப் போனது. அதுவரை அங்கே வேலை பார்த்தவர்களை வைத்திருந்தது மாநகராட்சியே. ஆனால் காகிதத்தில் அவர்கள் ஊழியர்கள் அல்லர், தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் சுயஉதவிக் குழுவினர். கான்ட்ராக்டரிடம் மாநகராட்சி பாடம் படித்ததா, மாநகராட்சியிடம் கான்ட்ராக்டர் படித்தாரா என்பதை ஆய்வாளர்களுக்கு விட்டுவிடுவோம். நாள்கூலி 761 ரூபாய். மாதத்துக்கு 23,000 ரூபாயை ஒட்டி வரும். கம்பெனிக்கு மாறினால் 16,000 ரூபாய்ச் சொச்சம், கூடவே பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு என்றார்கள்.

இதிலுள்ள கருணையைப் பலர் கவனிக்கவில்லை. இ.எஸ்.ஐ.யில் சேர மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. 23,000 வாங்குகிறவர் அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க முடியாது. ஆறேழாயிரத்தைக் கழித்துவிட்டால் கதவு தானே திறக்கிறது. சம்பளத்தைக் குறைத்து ஆரோக்கியம் தரும் இந்த வைத்தியம் சித்தர்களுக்கும் தெரியாதது. சிலர் மட்டும், ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் தற்காலிக ஊழியருக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் சொன்னதை நினைவூட்டினார்கள். தெரு ஒன்று, துடைப்பம் ஒன்று, தூசி ஒன்று. நிரந்தரப் பணியாளருக்கு ஒரு சம்பளம், சுயஉதவிக் குழுவுக்கு ஒரு சம்பளம், கம்பெனி ஆளுக்கு ஒரு சம்பளம். ஒன்றையே மூன்றாகக் காணும் ஞானம் கோர்ட்டுக்கு வாய்க்கவில்லை என்றால் கான்ட்ராக்டர் என்ன செய்வார்?

கருணையை உணராத அந்தப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஆகஸ்ட் 1 முதல் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். நடைபாதையை விட்டு அவர்களை அகற்ற உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் வந்து எல்லாரையும் வாரி வண்டியில் ஏற்றியது. நகரின் பெரிய சாலைகளில் குப்பையையும் இரவில்தான் அள்ளுவார்கள். நெரிசல் இருக்காது, பார்க்கிறவர்களுக்கும் அருவருப்பு இருக்காது. விடிந்ததும் அமைச்சரவை கூடித் தூய்மைப் பணியாளர்களுக்கு இலவசக் காலை உணவு, 10 லட்சம் ரூபாய்க் காப்பீடு, வீடு என்று அடுக்கியது. நாளொன்றுக்கு ஏறக்குறைய இருநூறு ரூபாய் கையை விட்டுப் போகிறவருக்குக் காலைச் சாப்பாடு உறுதி. செத்தால் இன்னும் உறுதி.

நான்காவது அற்புதம், எங்கும் நிறைந்து எங்குமே அகப்படாமல் இருப்பது. கையுறை ஏன் வரவில்லை என்று சூப்பர்வைசரைக் கேட்டால் மேலே கேட்கச் சொல்வார். மேலே கேட்டால் டெண்டரில் அது இல்லை என்பார்கள். டெண்டர் விட்ட மாநகராட்சியைக் கேட்டால், நீங்கள் கம்பெனி ஆளாயிற்றே என்பார்கள். இப்படிச் சுற்றி வந்து அக்கா கடைசியில் தன் புடவைக் கிழிசலைக் கையில் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடங்கும்போது, வேலைக்காரி உண்டு, வேலை உண்டு, வேலைக்கு வைத்தவர் மட்டும் இல்லை என்ற பரம உண்மை விளங்கும். ஊரின் ஏச்சை வாங்க ஒருவர் வேண்டும். மாநகராட்சிக்கு விழ வேண்டிய வசவையும், வரி கட்டிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்ளும் எனக்கு விழ வேண்டிய வசவையும் சேர்த்துக் கான்ட்ராக்டர் தன் தலையில் வாங்கிக்கொள்கிறாரே, அந்தப் பெருந்தன்மைக்கும் சேர்த்துத்தான் அவருக்கு நாம் பணம் கொடுக்கிறோம் என்று நினைக்கிறேன்.

இத்தனை மாயைக்கு நடுவில் மாயை கலக்காத இடம் ஒன்று உண்டு. எடைமேடை. ஓனிக்ஸ் காலத்தில் டன்னுக்கு இவ்வளவு என்று பணம். குப்பையோடு மண்ணும் செங்கல்லும் ஏறுவதாக அப்போது ஊரில் ஒரு புகார் இருந்தது. மண்ணையும் பொன்னையும் சமமாகப் பார்ப்பது ஞானிகளின் இயல்பு என்று தெரியாதவர்களின் பேச்சு அது. லாரி சரக்கோடு ஒரு தரம் மேடை ஏறும்; கொட்டிவிட்டு வெறும் வண்டியாக ஒரு தரம் ஏறும். சீட்டில் மூன்று வரி விழும்: மொத்த எடை, வெற்று எடை, நிகர எடை. அழுகிய வாழைப்பழத் தோலுக்கும் அங்கே கணக்கு உண்டு.

போன மாதம் அக்கா இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். இருமல் விடவில்லை. "மெசின்ல நிக்க வெச்சாங்கோ சார், நாப்பத்தஞ்சு கிலோன்னாங்கோ. வேலைக்கு வந்த புதுசுல அம்பத்தெட்டு இருந்தேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

மொத்த எடை 58, வெற்று எடை 45, நிகர எடை 13 கிலோ. அதை எங்கே இறக்கினார்கள், யார் பில்லில் ஏற்றினார்கள் என்றெல்லாம் கேட்கும் அற்பத்தனம் எனக்கு இல்லை. தெரு சுத்தமாக இருக்கிறது. கான்ட்ராக்டர் வாழ்க, இன்னும் பல டெண்டர்கள் கண்டு வாழ்க.