செக் பண்ணியாச்சுங்களா?

திருப்பூரில் இங்கிலீஷ் தெரியாதவர்கள் ஏராளம். செக் பண்ணத் தெரியாதவர் ஒருவரும் கிடையாது. பவர் டேபிள்காரர் தையலைச் செக் பண்ணுவார், டீ மாஸ்டர் பாலைச் செக் பண்ணுவார், கல்யாணத் தரகர் மாப்பிள்ளை வேலை பார்க்கிற கம்பெனிக்கே போய்ச் செக் பண்ணிவிட்டு வருவார். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்தச் சொல் எங்கள் கம்பெனிக்குள் நுழைந்திருக்கவில்லை. அப்போதெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலாளிதான் பார்ப்பார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசல்படியில் நிற்பார். கட்டிலிருந்து ஒரு பனியனை உருவி வெயிலுக்கு நேரே பிடிப்பார். ஊசி விட்டுப்போன கோடு இருந்தால் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். கழுத்துப்பட்டியை இரண்டு கையாலும் இழுத்து விடுவார்; சுருங்கி இடத்துக்கு வந்தால் சரி. கடைசியாக மோந்து பார்ப்பார். சலவைப் பட்டறையில் பிளீச்சிங் பவுடரைச் சரியாக அலசாமல் விட்டிருந்தால் மூக்கு சொல்லிவிடும். மூன்றும் தேறினால், "போடு கண்ணு" என்பார். நான் அந்த டஜனைப் பெட்டியில் போடுவேன். பேப்பர் இல்லை, கையெழுத்து இல்லை. திருப்பூருக்கு 1925இல் குலாம் காதர் பனியன் தொழிலைக் கொண்டுவந்த நாளிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஊர் இப்படித்தான் பிழைத்தது. கண், கை, மூக்கு.

1978இல் வெரோனா என்கிற இத்தாலிக்காரர் வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்தார். 1981இல் ஐரோப்பாவின் சி அண்டு ஏ கடைக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் பின்னாலேயே பேக்கிங் லிஸ்ட், சைஸ் சார்ட், இத்தனை சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிமீட்டர் கூடலாம் குறையலாம் என்கிற கணக்கு எல்லாம் வந்தன. எங்கள் முதலாளியின் மூக்கை மில்லிமீட்டரில் எழுதிக் கொடுக்க முடியவில்லை. ஆகவே அவருக்குப் பதிலாக ஒரு டிபார்ட்மென்ட் வைத்தார்கள். அதற்கு செக்கிங் என்று பெயர்.

முதலில் ஒரு மேஜை. பிறகு துணி வந்ததும் ஒரு செக்கிங், கட்டிங் முடிந்ததும் ஒரு செக்கிங், தைக்கும்போதே லைனில் ஒரு செக்கிங், தைத்த பிறகு ஒன்று, அயர்ன் பண்ணிய பிறகு ஒன்று, பெட்டி ஒட்டிய பிறகு பெட்டியைப் பிரித்து ஒன்று. பார்த்ததைப் பார்த்தார்களா என்று பார்க்க ரீ-செக்கிங். மகாராஜாவுக்கு விஷம் வைத்துவிடுவார்களோ என்று சாப்பாட்டை ருசி பார்க்க ஆள் வைத்திருந்தார்களாம். எங்கள் பனியனுக்கு அதைவிடப் பாதுகாப்பு.

செக்கிங் மேஜையில் அவிநாசியிலிருந்து பஸ்ஸில் வருகிற ஓர் அக்கா உட்காருவார். அம்புக்குறி ஸ்டிக்கர்களை இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வரிசையாக ஒட்டிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவார். கழுத்து ரிப்பில் விரல் வைத்தால் தோள், கைக்கூடு, கை மடிப்பு, பக்கத் தையல், அடிமடிப்பு என்று ஒரே ஓட்டம். அப்படியே உள்பக்கம் புரட்டி அதே பாதையில் திரும்பி வருவார். பேச்சு பக்கத்து மேஜை அக்காவோடு, சீட்டுப் பணம் கட்டாதவளைப் பற்றி. விரல் மட்டும் எங்காவது நிற்கும். நின்ற இடத்தில் ஓட்டையோ, தையல் விட்டதோ, எண்ணெய்க் கறையோ இருக்கும். கையிலிருந்து ஓர் அம்பு உரிந்து அங்கே ஒட்டும். பீஸ் ஆல்ட்டர் பெட்டிக்குப் போகும். சனிக்கிழமை சம்பளத்தில் தைத்தவருக்கு ஒரு கூலி, அதில் குற்றம் கண்டுபிடித்தவருக்கு அதைவிடக் குறைந்த கூலி. இலக்கிய விமரிசகர்கள் கவனிக்க.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் ஓர் அகராதியைப் புரட்டிப் பார்த்தேன். பிறந்த இடம் ராஜசபை. பாரசீகத்தில் ஷா என்றால் அரசன். இந்தியாவிலிருந்து போன சதுரங்கத்தை அவர்கள் சத்ரங் என்றார்கள், அரபிகள் ஷத்ரஞ்ச் என்றார்கள். எதிராளியின் ராஜாவுக்கு ஆபத்து வந்தால், "ஷா!" என்று குரல் கொடுக்க வேண்டும்: ராஜா, ஜாக்கிரதை. அந்தக் குரல் லத்தீன் வாயிலும் பிரெஞ்சு வாயிலும் நசுங்கி எஷெக் ஆகி, இங்கிலீஷில் செக் ஆயிற்று. ராஜாவால் அதற்கு மேல் நினைத்தபடி நகர முடியாது. அதனால் தடுத்து நிறுத்துவதும் செக். கணக்கோ சரக்கோ தப்பாகப் போய்விடாமல் தடுக்க வேண்டுமானால் முதலில் சரிபார்க்க வேண்டும். ஆகவே சரிபார்ப்பதும் செக். அரசனைப் பார்த்து எச்சரித்த சொல் படிப்படியாக இறங்கி, கழுத்து ரிப்பில் பிசிறு தேடுகிற வேலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. அந்த மாதிரிப் பெரிய ஆட்டங்களில் செக் என்று வாய்விட்டுச் சொல்வது வழக்கமில்லையாம். எங்கள் ஊரிலோ காலை எட்டரைக்கு சங்கு ஊதினால் ஒன்றரை ஷிப்ட் முடிகிறவரை அதைத் தவிர வேறு பேச்சில்லை.

சதுரங்கப் பலகையின் கட்டங்களும் அதே பெயரை எடுத்துக்கொண்டன. பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கோடு போட்ட துணியை மேஜையில் விரித்து, அதன் மேல் காய்களை நகர்த்தி அரசாங்க வரிக்கணக்குப் பார்த்தார்கள். பார்க்கச் சதுரங்கப் பலகை போல இருந்ததால் அந்த இடத்துக்கே எக்ஸ்செக்கர் என்று பெயர். இன்றைக்கும் பிரிட்டனின் நிதியமைச்சர் அந்தத் துணியின் பெயரைத்தான் பட்டமாக வைத்திருக்கிறார். ஒரு நாட்டின் கஜானாவுக்கே பெயர் கொடுத்தது துணி. நூல் விலை ஏறும்போதெல்லாம் டில்லிக்கு மனு எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இதை முதல் பாராவில் சேர்த்துக்கொள்ளலாம்.

பாங்க் செக்கும் இந்தக் குடும்பம்தான். கள்ளத்தனம் நடக்காமல் தடுக்க வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்கு அந்தப் பெயர் வந்தது, பிறகு தாளுக்கே ஒட்டிக்கொண்டது. பிரிட்டிஷ்காரர்கள் ஒரு எழுத்துக்கூட்டு, அமெரிக்கர்கள் வேறொன்று. நாம் இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். நிம்மதி எழுத்தில் மட்டும்தான். நூல்காரருக்கு, சாயக்காரருக்கு, பிரிண்டிங்காரருக்கு என்று பின்தேதி போட்ட செக்குகளில்தான் ஊர் ஓடிற்று. அந்தக் காலத்தில் செக் திரும்பினால் கொடுத்தவன் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவார்கள். "பணம் வாங்கிட்டுத்தானுங்க எந்திரிப்பேன்." உள்ளேயிருந்து காப்பி வரும், சில சமயம் பணமும் வரும். 1989 ஏப்ரல் 1 முதல் 138ஆவது பிரிவு அமலுக்கு வந்தது; செக் திரும்புவது குற்றமாயிற்று. ஏப்ரல் முதல் தேதியைத் தேர்ந்தெடுத்தவர் ரசிகர்தான். அதற்குப் பிறகு திண்ணை காலி, கோர்ட் வராந்தா நிரம்பியது. ஆறு முறை செக் பண்ணி அனுப்பிய சரக்குக்கு வந்த செக் திரும்பி வந்தது என்று ஒரு ஜாப் ஒர்க்காரர் என்னிடம் சொன்னபோது, சிரிப்பதா ஆறுதல் சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் பையிங் ஆபீஸுக்கு மாறி, சரக்கைத் தேர்வு பார்க்கிறவனான பிறகு இன்னொரு வேடிக்கை தெரிந்தது. பையர் எல்லாப் பீஸும் சரியாக இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. ஏ.க்யூ.எல். 2.5 என்று ஓர் அட்டவணை இருக்கிறது, அமெரிக்க ராணுவத்தின் கொள்முதல் கணக்கிலிருந்து வந்தது. சரக்கு மூவாயிரம் பீஸ் என்றால் 125ஐ உருவிப் பார்க்க வேண்டும். ஏழு வரை குறை இருந்தால் பாஸ். எட்டாவது அகப்பட்டால் மொத்தமும் ஃபெயில். ஏழு வரை எல்லாரும் எனக்கு உறவினர்கள். ஏழாவதில் இளநீர் வரும். எட்டாவதை நான் வெளிச்சத்துக்குத் தூக்கும்போது மேனேஜர் கிட்டே வந்து குனிவார்.

"அண்ணா, அது ஓட்டை இல்லீங்க, பிசிறுங்க."

"பிசிறு வழியா என்னோட விரல் வெளிய வருதுங்களே?"

"வெரலு மெலிசுங்கண்ணா உங்களுக்கு."

ஃபெயில் ஆன சரக்குக்கும் கதி உண்டு. காதர்பேட்டைச் சந்தைக்குப் போனால் எக்ஸ்போர்ட் சரக்கு என்று மரியாதையோடு கூவி விற்பார்கள். பையர் தள்ளியது என்பதே அங்கே தகுதி. இதிலும் மெட்ராஸ் துணிதான் நமக்கு முன்னோடி. 1958இல் கிருஷ்ணன் நாயர், பின்னாளில் லீலா ஹோட்டல்கள் கட்டியவர், அமெரிக்காவுக்கு மெட்ராஸ் செக் என்கிற கட்டம் போட்ட துணி விற்றார். ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சட்டை வாங்கியவர்கள் மெஷினில் துவைத்தார்கள். சாயம் ஒன்றோடொன்று கலந்து ஓடியது. வழக்கு, ரகளை என்று போயிருக்க வேண்டிய விஷயம். "சாயம் போகும், அதுதான் இதன் பெருமை" என்று விளம்பரம் செய்தார்கள். அமெரிக்கா வரிசையில் நின்று வாங்கியது. எங்கள் லேபில் சாயம் லேசாகத் தொட்டுக்கொண்டால் கண்டெய்னரே நிற்கும்.

ஆனால் ஊருக்கே சாயம் போன கதை வேறு. நொய்யல் ஆற்றில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தால் ஐரோப்பாவில் அடுத்த சீசன் என்ன கலர் என்று சொல்லிவிடலாம் என்று எங்களுக்குள் ஜோக்கடிப்போம். ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத் தண்ணீருக்குப் பதிலாகச் சாயக்கழிவு தேங்கி நின்றது. வருஷக்கணக்காக பாட்டிலில் சாம்பிள் எடுத்தார்கள், உப்பு அளந்தார்கள், ஃபைலில் கோர்த்தார்கள். சரிபார்த்தார்கள், தடுக்கவில்லை. செக் என்ற சொல்லுக்குத் தடுப்பது என்று ஒரு பழைய அர்த்தம் இருப்பது 2011 ஜனவரி 28 அன்றுதான் ஊருக்கு ஞாபகம் வந்தது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத ஏற்பாடு செய்கிறவரை மூடுங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல, 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் நின்றன. ஒரு முதலாளி என்னிடம், "மாசாமாசம் செக் பண்ணிட்டுத்தானே போனாங்க, அப்பெல்லாம் ஒண்ணும் சொல்லலையே" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

இப்போது பனியனைவிடக் கட்டடத்தைத்தான் அதிகம் செக் பண்ணுகிறார்கள். 2013இல் டாக்கா பக்கத்தில் ராணா பிளாசா என்கிற கார்மென்ட்ஸ் கட்டடம் இடிந்து ஆயிரத்து நூறு பேருக்கு மேல் செத்த பிறகு, தீக்கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, மெடிக்கல் பாக்ஸில் பஞ்சு இருக்கிறதா, கூலி எவ்வளவு என்று கேட்க ஆள் வருகிறது. கேட்க வேண்டியதுதான். ஆடிட் நாளில் முதலுதவிப் பெட்டியின் பூட்டு திறந்திருக்கும், கழிப்பறையில் சோப்பு இருக்கும். ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஓவர்டைம் கேள்விக்கு மனப்பாடமாகப் பதில் சொல்வான். கூலியைக் கேட்கிற பட்டியலில் பீஸுக்கு என்ன விலை கொடுக்கிறீர்கள் என்று பையரைக் கேட்கும் கட்டம் மட்டும் எப்போதும் இருந்ததில்லை.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. தைத்து, ஆறு முறை பார்த்து, பெட்டியில் அடுக்கி வைத்த சரக்கு குடோனில் அப்படியே இருந்தது. இந்த வரியில் எவ்வளவு நீங்கள் தாங்குவீர்கள், எவ்வளவு நாங்கள் என்று கேட்டு இங்கிருந்து மெயில்கள் போயின. எனக்குத் தெரிந்த மெர்ச்சண்டைசர் தம்பி ஒருவரிடம் பதில் வந்ததா என்று விசாரித்தேன்.

"வந்துருச்சுங்கண்ணா. செக் பண்ணிட்டுச் சொல்றோம்னு போட்டிருக்காங்க."